மங்களமும் நானும் தீவுக்குப் போன நாள்

ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த ஐந்தாம் நாள்தான் எங்களை யாரும் கூட்டிக்கொண்டு போகாத முதல் நாள். அதற்கு முன் ஏழு வாரம் லண்டனில் என் தமையன் வீட்டில் இருந்தோம். அங்கே அவரின் பிள்ளைகள், என் பெறாமக்கள், முறைவைத்து எங்களை மேய்த்தார்கள். கனடாவில் அந்தப் பொறுப்பை மங்களத்தின் சின்னம்மா மகன் சிவராசா எடுத்துக்கொண்டான். நயாகரா அருவியைக் காட்டினான், யூனியன்வில் பக்கம் இருந்த ஒரு தோட்டத்தில் அப்பிள் ஆயவைத்தான், தன் நண்பர்கள் மூன்று பேர் வீட்டில் சோறும் தின்னவைத்தான். வெள்ளிக்கிழமை காலை அவனும் மனைவியும் வேலைக்குப் போகவேண்டியிருந்தது.

"அத்தான், தனியப் போவியளோ?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தாளில் வரைபடம் கீறினான்.

"இருபத்திரண்டு வருசம் கப்பலிலை சுத்தின ஆளிட்டைக் கேக்கிற கேள்வியே உது?" என்றேன்.

வீட்டு விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதித் தந்தான். காசும் என் பையில்தான் இருந்தது. அப்போது அது எனக்குச் சாதாரண விஷயமாகப் பட்டது.

நான் கப்பலில் எஞ்சினியராக இருந்தவன். ஐம்பதாம் வருடம் எங்களுக்குக் கலியாணம் நடந்தது, ஐம்பத்திரண்டில் கப்பலேறினேன். மங்களம் பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். பிள்ளைகள் இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று, நாங்கள் உண்மையில் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் கூட்டிப் பார்த்து, "ஆறு வருசமும் நாலு மாசமும்" என்று சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. விடை சரியாக வந்திருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். அந்த வாரமே நான் இந்த நீண்ட பயணத்துக்கு ஒழுங்கு செய்யத் தொடங்கினேன்.

அன்றைய திட்டம் என் திட்டம். காலையில் சந்தை, மத்தியானம் ஏரியைக் கடந்து தீவு. ரொறன்ரோவின் கரைக்கு எதிரே மரங்கள் அடர்ந்த சின்னத் தீவுகள் இருக்கின்றன. நகரத்துச் சனங்கள் ஓய்வு நாளில் பயணிகள் கப்பல் ஏறி அங்கே போய்ப் புல்லில் படுத்திருந்துவிட்டு வருவார்கள். கப்பல்காரனின் மனைவி இதுவரை ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. லண்டனில் இருந்து வரும்போது விமானத்தின் யன்னலால் கடலைப் பார்த்து, "உதுக்குள்ளையோ இவ்வளவு காலமும் இருந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

சிவராசா வீடு இருந்த அஜின்கோர்ட்டிலிருந்து பஸ், பிறகு நிலத்தடி ரயில். ரயிலில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. ஊருக்குப் போகும் யாழ்தேவி ரயிலில் அனுராதபுரம் வருவதற்குள் எதிரே இருப்பவரின் மகளுக்கு என்ன சாதகம் என்பது வரை தெரிந்துவிடும். இங்கே எல்லோரும் எதிர்ப்பக்க விளம்பரத்தைப் பாடமாக்குவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்களத்தின் மாம்பழ நிறச் சேலையையும் அதற்கு மேலே அவள் போட்டிருந்த சிவராசா மனைவியின் சாம்பல் நிறக் கோட்டையும் ஒரு சின்னப் பெண் மட்டும் வாய் பிளந்து பார்த்தாள். "அம்மா, அந்த அன்ரி கோட்டுக்குள்ளே திரைச்சீலை உடுத்தியிருக்கிறா," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தாய் சிவந்துபோனாள். மங்களம் அந்தப் பிள்ளைக்குத் தலைப்பைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தாள்.

கென்சிங்டன் சந்தை எனக்குத் தெரிந்த பல துறைமுகங்களின் சந்தைபோல இருந்தது. போர்த்துக்கல்காரரின் மீன்கடை, யூதர்களின் பாண்கடை, கூட்டில் உயிர்க் கோழிகள், மேற்கிந்தியத் தீவுக்காரரின் மரக்கறிக் கடை. மங்களம் ஒரு கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சருங்கோ, உதுக்கை மரவள்ளிக்கிழங்கு கிடக்கு."

மரவள்ளி மட்டுமில்லை. வாழைக்காய், தேங்காய், காய்ந்த மிளகாய், கருவாடு. மங்களம் ஒரு தேங்காயை எடுத்துக் காதடியில் வைத்துக் குலுக்கினாள். கடைக்கார யமெய்க்காப் பெண், "நீ எந்தத் தீவு?" என்று கேட்டாள். இலங்கை என்றதும், "நல்லது. தீவுக்காரிக்குத்தான் தேங்காய் பேசுவது கேட்கும்," என்றாள். இரண்டு தேங்காயும் கொஞ்சக் கருவாடும் வாங்கினோம். பையை நான் கேட்டும் அவள் தரவில்லை.

பக்கத்துக் கடையில் மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்த பற்றிஸ் விற்றார்கள். பெயர்தான் ஒன்று, எங்களுடையது விரல் நீளம், இவர்களுடையது உள்ளங்கை அகலம், மஞ்சள் நிறம், உறைப்பு காது வரை போகும். நான் இரண்டு தின்றேன். மங்களத்துக்கு வெள்ளிக்கிழமை விரதம். ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தாள். "தீவிலை போய் ஏதும் சாப்பிடுவம்," என்றாள்.

பிழை குயின் வீதியில் தொடங்கியது. கிழக்கே போகவேண்டிய நாங்கள், நான் காட்டிய பக்கத்தில் நின்று, நான் மறித்த ட்ராமில் ஏறினோம். கொழும்பில் ஓட்டம் நிறுத்திய ட்ராமை மறுபடி கண்ட சந்தோஷத்தில் திசையை நான் பார்க்கவில்லை. மங்களத்துக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் தொங்கிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் சொன்னாள்: "வெயில் இடப்பக்கத்தாலை அடிக்குது. இந்த நாட்டிலை மத்தியானச் சூரியன் தெற்கை எல்லோ நிக்கும்? தெற்கு இடப்பக்கம் எண்டால் நாங்கள் மேற்கை போறம்."

"பேசாமல் இரும். வழி எனக்குத் தெரியும்."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேலும் பத்து நிமிடம் போனது. உயர்ந்த கட்டடங்கள் போய், சின்னச் சின்னச் செங்கல் வீடுகளும் பழைய தளபாடக் கடைகளும் வந்தன. குனிந்து பின் யன்னலால் பார்த்தேன். ஏரிக்கரையில் அப்போது பாதி எழும்பி நின்ற ரொறன்ரோவின் பெரிய கோபுரம் எங்களுக்குப் பின்னால், வெகுதூரத்தில் நின்றது.

"இறங்கும், இறங்கும்," என்று சொல்லிக்கொண்டே நடுக் கதவுக்குப் பாய்ந்தேன். படியில் கால் வைத்தால் கதவு தானாகத் திறக்கும். திறந்தது. இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் மங்களம் இன்னும் இருக்கையடியில். பக்கத்தில் இருந்த பெருத்த மனிதர் மடியில் வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அவளுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார். கதவு மூடியது. ட்ராம் புறப்பட்டது. நான் அதன் பக்கத்தில் அறைந்துகொண்டு ஓடினேன். சாரதிக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மங்களத்தின் முகம் கடந்து போனது. அவள் பதறவில்லை. ஏதோ ஒன்றை இரண்டு தரம் சொன்னாள். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

அடுத்த தரிப்பு வரை ஓடினேன். இல்லை. அதற்கு அடுத்தது. இல்லை. ஐம்பத்துமூன்று வயது, சப்பாத்து புதுசு. நாலாவது தரிப்பில் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவளிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். இரண்டு தேங்காய், கருவாடு, ஒரு கைக்குட்டை, கிழித்துத் தந்த ட்ராம் சீட்டு. ஒரு சதம் காசு இல்லை. விலாசம் இல்லை. அவள் பாடப் புத்தக ஆங்கிலத்தை நன்றாக வாசிப்பாள். பேசவேண்டி வந்தால் என் பின்னால் ஒதுங்குவாள்.

இறங்கிய இடத்துக்கே திரும்பி நடந்தேன். தொலைந்தவர்கள் கடைசியாகக் கண்ட இடத்துக்குத்தானே வருவார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். அந்தத் தரிப்பில் ஒரு கம்பமும் ஒரு குப்பைத் தொட்டியும் இருந்தன. இருக்க இடம் இல்லை. கிழக்கே போகும் ட்ராம்களும் மேற்கே போகும் ட்ராம்களும் மாறி மாறி வந்தன. ஒவ்வொன்றும் நிற்கும்போது நெஞ்சு ஒருமுறை உயரும். கதவு திறக்கும். ஒரு கிழவி இறங்குவாள், அல்லது நீளமுடி வைத்த பொடியன்கள் இறங்குவார்கள். கதவு மூடும்.

ஒருமுறை மாம்பழ நிறத்தில் ஏதோ தெரிந்தது. சாலையைக் கடந்து ஓடினேன். ஒரு பெண்ணின் கழுத்துத் துணி. அவள் பயந்துபோய்ப் பையை இறுக்கிக்கொண்டாள்.

நான் இதற்கு முன் யாருக்காகவும் காத்து நின்றதில்லை. இது அன்றுதான் தெரிந்தது. கப்பலில் எனக்கு எப்போதும் வேலை இருந்தது. துறைமுகம் வந்தால் கடிதம் இருக்கும். நாலைந்து சேர்ந்து கட்டாக இருக்கும். வாசித்துவிட்டுப் படுத்தால் நித்திரை வரும். கொழும்பில் இறங்கி இரவு ரயில் எடுத்தால் விடிய வீட்டில் நிற்பேன். அவள் கிணற்றடியிலோ அடுப்படியிலோ நிற்பாள். விட்ட இடத்தில் இருப்பாள். அவளுக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள் எப்படிப் போயின என்று நான் கேட்டதில்லை, அவளும் எழுதியதில்லை. மாமரம் பூத்தது, அதிபர் மாறினார், கூரை ஒழுகி அடைத்தாயிற்று என்று எழுதுவாள். இப்போது குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு மணித்தியாலம் கழிந்து இரண்டாவது மணித்தியாலத்தில் நின்றுகொண்டு, அவள் கன்னத்தில் இருந்த சின்னத் தழும்பு இடப்பக்கமா வலப்பக்கமா என்று யோசித்தேன். நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. அது என்னைக் கலக்கியது. ஆறு வருடமும் நாலு மாதமும் ஒரு முகத்தைப் பாடமாக்கப் போதவில்லை.

தரிப்புக்கு முன்னால் ஒரு பாண்கடை இருந்தது. கசகசா வைத்துச் சுருட்டிய பணிஸ் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தது. தலையில் துணி கட்டிய வயதான உக்ரேனியப் பெண் ஒருத்தி நான் நிற்பதை நெடுநேரம் பார்த்திருக்கிறாள். வெளியே வந்து, "உனக்குக் குளிரவில்லையா? ஆரைப் பார்க்கிறாய்?" என்று கேட்டாள். என்னுடையதிலும் உடைந்த ஆங்கிலம். சொன்னேன். உள்ளே கூப்பிட்டுத் தொலைபேசியைக் காட்டினாள். சிவராசா வீட்டு எண்ணைச் சுழற்றினேன். ஆளில்லாத வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பொலிசுக்குச் சொல்லலாம்," என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்கள் இரண்டு பேரும் எங்கே போகப் புறப்பட்டீர்கள்?"

"தீவுக்கு. கப்பலுக்கு."

"அது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியென்றால் நீ இங்கே ஏன் நிற்கிறாய்?"

அவள் ஒரு பணிசைத் தாளில் சுற்றி என் கையில் வைத்தாள். காசு வாங்கவில்லை. எதிர்ப்பக்கத் தரிப்பைக் கையால் காட்டினாள். "அந்தப் பக்கம் நின்று ஏறு. அதுதான் கிழக்கு."

ட்ராம் ஊர்ந்தது. இறங்கி, பே வீதியில் தெற்கே நடந்தேன். நடந்தேன் என்பது பொய். ரயில் பாலத்துக்குக் கீழே இருட்டைக் கடந்ததும் ஏரிக் காற்று முகத்தில் அடித்தது. கப்பல் துறையின் வாசலடியில், சீட்டு விற்கும் யன்னலுக்கு முன்னால் ஒரு மர இருக்கை. அதில் மங்களம் இருந்தாள். மடியில் தேங்காய்ப் பை. கோட்டின் கழுத்தை உயர்த்திவிட்டிருந்தாள். தழும்பு இடப்பக்கம்.

முன்னால் போய் நின்றேன். மூச்சு வாங்கியது.

"எங்கை போட்டீர்?" என்றேன். கோபமாக வந்தது. ஏன் கோபமாக வந்தது என்று தெரியவில்லை.

"நான் இஞ்சைதான் இருக்கிறன். ட்ராமுக்குள்ளை இருந்து சொன்னன், கப்பலடிக்கு வாங்கோ எண்டு. கேக்கேல்லையே?"

ட்ராமில் நடந்ததைச் சொன்னாள். அடுத்த தரிப்பு வரமுதல், பெட்டிகள் வைத்திருந்த மனிதரிடம் ஆங்கிலத்தில் வழி கேட்டிருக்கிறாள். அவரே அவளோடு இறங்கி, எதிர்ப்பக்கம் கூட்டிப்போய், வந்து நின்ற ட்ராமில் ஏற்றிவிட்டிருக்கிறார். சாரதி பழைய சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்து விட்டுவிட்டார். நான் மேற்கே ஓடிக்கொண்டிருந்தபோது அவள் என்னைக் கடந்து கிழக்கே போயிருக்கிறாள். கூட்டத்தில் நின்றபடி வந்ததால் அவளும் என்னைக் காணவில்லை. துறையில் கப்பலுக்குக் காசு இல்லாததால் வெளியே இருந்துவிட்டாள்.

"ரண்டரை மணித்தியாலம், மங்களம். நான் இறங்கின இடத்திலையே நிண்டனான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள் காத்துக்கொண்டு நிப்பீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை," என்றாள். "கப்பல் எங்கையோ அங்கை வருவீங்கள் எண்டுதான் நினைச்சன்."

குத்தலாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் இருந்துகொண்டு கசகசாப் பணிசை இரண்டாகப் பிய்த்துக் கொடுத்தேன். அவள் பசியோடு தின்றாள்.

மணி நாலைக் கடந்துவிட்டது. திரும்பி வீட்டுக்குப் போவோமா என்று கேட்டேன். "இவ்வளவு நேரமும் மற்றவையை ஏத்தி அனுப்பிக்கொண்டு இருந்தனான். நாங்களும் ஒருக்காப் போவம்," என்றாள்.

வெள்ளை நிறத்தில் இரண்டு தட்டுக் கப்பல். வேலை நாள் பின்னேரம் என்பதால் கூட்டமில்லை. சைக்கிளோடு ஒரு சோடி, தீவிலேயே குடியிருப்பவர்கள் சிலர். ஏறும் பலகையில் மங்களம் ஒரு நொடி நின்று, சேலையைத் தூக்கிப் பிடித்து, வலக்காலை எடுத்து வைத்தாள். நான் தேங்காய்ப் பையை வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். வெளியில், ஆட்களுக்கு முன்னால், முதல் முறையாக.

சங்கு ஊதியது. பாதத்துக்குக் கீழே தட்டு அதிர்ந்தது. டீசல் எஞ்சின், ஒரு சிலிண்டர் கொஞ்சம் பிந்தி அடிக்கிறது என்று என் கால் சொன்னது. கீழே இறங்கும் இரும்பு ஏணியின் கதவு திறந்தே கிடந்தது. எண்ணெய் மணம் வந்தது. போய் எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. "ஒரு நிமிசம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மங்களம் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"முன்னுக்குப் போகவேண்டாம். பின்னுக்கு வாங்கோ. கரை போறதை நான் பாக்கோணும்."

பின் கம்பியடியில் நின்றோம். தண்ணீர் வெள்ளையாகக் கொதித்து விலகியது. துறையில் ஒரு பெண் நின்று கப்பலில் யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பிடித்தான் நானும் நிக்கிறனான்," என்றாள் மங்களம். "உங்களைத் துறைமுகத்திலை விட்டிட்டு நேரை காலிமுகத்திடலுக்கு வந்திடுவன். உங்கடை கப்பல் வெளிக்கிட்டு வரும். மறையுமட்டும் கை காட்டுவன். பக்கத்திலை கடலை விக்கிறவன் சிரிப்பான். அது கிடக்கட்டும். நீங்கள் எந்தப் பக்கம் நிண்டு பாக்கிறனீங்கள்?"

கொழும்புக் கடற்கரையில் இருக்கும் காலிமுகத்திடலுக்கு அவள் போவாள் என்பதே எனக்குத் தெரியாது. நேரே மருதானை நிலையத்துக்குப் போய் ஊருக்கு ரயில் ஏறுவாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இடப்பக்கம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது போதும். பொய் நாக்கு நுனி வரை வந்தது. அன்று பகல் முழுதும் நின்ற கால்கள் வலித்துக்கொண்டிருந்தன. சொல்ல முடியவில்லை.

"நான் மேலை நிக்கிறேல்லை, மங்களம். துறைமுகத்தாலை வெளிக்கிடேக்கை எஞ்சினியர்மார் கீழைதான் நிக்கோணும். ரண்டு மூண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் மேலை வாறது. அப்ப கரை இராது."

"ஒருநாளுமோ?"

"ஒருநாளும் இல்லை."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு ஏரிப்பறவைகள் கப்பலோடு கூட வந்தன. பிறகு, கணக்கு எந்த வரியில் பிழைத்தது என்று தேடுகிறவள்போல, மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் ஆருக்குக் கை காட்டினனான்?"

கம்பியைப் பிடித்திருந்த அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். கட்டடங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஒதுங்கிச் சிறுத்தன. ரங்கூனும் ஏடனும் மொம்பாசாவும் கொழும்பும் விட்டு எத்தனையோ தரம் புறப்பட்டவன் நான். ஒரு கரை விலகுவதை அன்றுதான் நின்று பார்த்தேன். அது அவ்வளவு கெதியாகப் போகும் என்று நினைத்ததில்லை.

"அந்த மனுசி இன்னும் நிக்கிறாவோ?" என்று கேட்டாள். கண்ணாடி போட்டும் அவளுக்குத் தூரம் தெரியாது.

"நிக்கிறா. ஆனால் முகம் தெரியேல்லை."

"அவவுக்கு எங்களைத் தெரியுமோ?"

"கப்பல் தெரியும். எங்களைத் தெரியாது."

மங்களம் தேங்காய்ப் பையை என் கையிலிருந்து வாங்கித் தன் காலடியில் வைத்தாள்.

"எண்டாலும் ஒருக்காக் காட்டுங்கோ," என்றாள். "இது உங்கடை முறை."

நான் கையைத் தூக்கினேன். எங்களுக்கு ஒருவரும் இல்லாத அந்தக் கரையைப் பார்த்து, பெண்ணும் துறையும் ஒன்றாகி மங்கும் வரை ஆட்டினேன். மங்களம் கரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.